மாடு தின்னும், வண்டி தின்னாது

புதுச்சேரியில் இன்று எந்தத் தெருவில் நடந்தாலும் கேட்பாரற்று நிற்கும் ஒரு வண்டியையாவது பார்க்கலாம். டயரில் காற்று இருக்காது. கண்ணாடியில் படிந்த தூசியில் ஏதாவது ஒரு பிள்ளை விரலால் தன் பெயரை எழுதியிருக்கும். அடியில் நாய் குட்டி போட்டிருக்கும். மழைக்காலம் வந்தால் அதில் தேங்கும் தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும். "இது யார் வண்டி?" என்று கேட்டால் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிந்த பாதிப் பேர் சொல்ல மாட்டார்கள். அடுத்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இதையெல்லாம் எடுத்துப் போட ஒரு சட்டம் கிடையாதா?"

இருக்கிறது. ஒன்றல்ல, நான்கைந்து இருக்கின்றன. நம் ஊருக்கு இதில் தனிக் கதையும் உண்டு. நம்மை ஆண்டது பிரெஞ்சுச் சட்டம். நம்மைச் சுற்றியிருந்த தென்னாற்காடு ஜில்லாவை ஆண்டது ஆங்கிலேயர் எழுதிய சட்டம். பிறகு இரு பக்கமும் இந்தியச் சட்டத்தின் கீழ் வந்தோம். உடையவன் வராத பொருளை என்ன செய்வது என்ற கேள்விக்கு மூன்று இடத்திலும் பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால், இந்தப் பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்க்க எனக்கு முடிந்தது. படித்தபோது தோன்றியதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

தெருவை அடைக்காதே

பிரான்சின் சட்டத்தொகுப்புகள் 1819 ஜனவரியில் நம் ஊரில் அமலுக்கு வந்தன. அவற்றில் ஒன்று 1810-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம். அதன் 471-ஆம் பிரிவு சில்லறைக் குற்றங்களின் பட்டியல். தேவையில்லாமல் பொதுவழியில் சாமானையோ வேறு எந்தப் பொருளையோ போட்டுப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் செய்பவனுக்கு 1 பிராங்க் முதல் 5 பிராங்க் வரை அபராதம் என்று அதில் இருக்கிறது. 'எந்தப் பொருளையோ' என்ற இரண்டு வார்த்தைகளில் மாட்டு வண்டியும் அடங்கும், மரக்கட்டையும் அடங்கும், பின்னாளில் வந்த மோட்டார் வண்டியும் அடங்கும். எழுதியவர்கள் கார் என்ற ஒன்றைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள்.

அந்தக் காலத்தில் நம் தெருக்களில் என்ன வண்டி ஓடியது? மாட்டு வண்டி, குதிரை வண்டி, அப்புறம் நம் ஊருக்கே பேர் வாங்கிக் கொடுத்த புஸ்புஸ் வண்டி. பின்னால் இருந்து ஆட்கள் தள்ளுவார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவர் முன்னால் இருக்கும் கைப்பிடியைப் பிடித்துத் திருப்புவார். எந்த வண்டியாக இருந்தாலும் அது ஒருவனுடைய பிழைப்பு, அல்லது ஒரு பணக்காரரின் கௌரவம். இரண்டையும் யாரும் தெருவில் விட்டுவிட்டுப் போவதில்லை. சக்கரம் உடைந்தால் தச்சர் வருவார். தேறாது என்றால் கட்டை அடுப்புக்குப் போகும், இரும்புப் பட்டை கொல்லன் பட்டறைக்குப் போகும்.

1880-ஆம் ஆண்டு ஆணையின்படி நம் ஊர்களுக்குக் கொம்யூன்களும், தேர்தலில் வந்த மன்றங்களும், மேர்களும் வந்தார்கள். தெருவின் சுத்தமும் வழியின் வசதியும் மேர் பார்க்க வேண்டியது என்பது பிரெஞ்சு நகராட்சி மரபு. தெருவில் கிடந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்பதில் அன்றைக்குக் குழப்பம் இல்லை. மேரியில் சொல்ல வேண்டும்.

அபராதம் போடுவது ஒரு பாதி. பொருளை என்ன செய்வது என்பது மறுபாதி. அதற்குப் பிரெஞ்சு சிவில் சட்டம் பதில் சொன்னது. உடையவன் இல்லாத சொத்து அரசாங்கத்தைச் சேரும் என்றது 713-ஆம் பிரிவு. ஆனால் பொருளைத் தொலைத்தவனும் திருட்டுக் கொடுத்தவனும் அது யார் கையில் இருந்தாலும் மூன்று வருடத்துக்குள் வந்து கேட்கலாம் என்றது 2279-ஆம் பிரிவு. 'உடையவன் இல்லை' என்பது வேறு, 'உடையவன் இன்னும் வரவில்லை' என்பது வேறு என்று சட்டம் பிரித்துப் பார்த்தது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

பவுண்டு

இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் போவோம். எல்லை என்றால் ஒரே கோடு இல்லை என்பது நம்மவர்களுக்குத் தெரியும். நம் கொம்யூன் கிராமங்களும் தென்னாற்காடு கிராமங்களும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்தன. காலையில் அவிழ்த்துவிட்ட மாடு மேய்ந்துகொண்டே வேறொரு அரசாங்கத்துக்குள் போய்விடும்.

அந்தப் பக்கம் போன மாட்டுக்கு அங்கே 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் காத்திருந்தது. பவுண்டு என்று சொல்வோமே, மாட்டைப் பிடித்து அடைக்கும் பட்டி, அதற்கான சட்டம் இதுதான். எனக்குத் தெரிந்து இவ்வளவு தெளிவாக எழுதிய சட்டம் குறைவு. பிறர் பயிரில் மேய்ந்த மாட்டைப் பிடித்துப் பவுண்டில் ஒப்படைக்கலாம். தலைக்கு இவ்வளவு என்று அபராதம்: யானைக்கு 2 ரூபாய், எருமைக்கு 8 அணா, பசுவுக்கும் எருதுக்கும் 4 அணா, ஆட்டுக்கு 1 அணா. இதுபோகத் தீனிக்கும் தண்ணீருக்கும் தனிக் கட்டணம். அந்த விகிதத்தை ஜில்லா மாஜிஸ்திரேட் நிர்ணயிப்பார்.

ஏழு நாளில் உடையவன் வரவில்லை என்றால் பவுண்டுக்காரர் போலீஸ் ஸ்டேஷனில் தகவல் சொல்ல வேண்டும். அவர்கள் மாட்டின் அடையாளத்தை எழுதி நோட்டீஸ் ஒட்ட வேண்டும். அதோடு விடவில்லை. மாடு பிடிபட்ட இடத்துக்கு அருகிலுள்ள கிராமத்திலும் சந்தையிலும் தமுக்கு அடித்துச் சொல்ல வேண்டும். அதற்கும் ஏழு நாளில் ஆள் வரவில்லை என்றால் பொது ஏலம். அபராதமும் தீனிச் செலவும் போக மீதிப் பணம் உடையவனுக்கு. அவன் யாரென்று தெரியாவிட்டால் மூன்று மாதம் வைத்திருந்து, பிறகு அரசாங்கக் கணக்கில் சேர்க்க வேண்டும். போலீஸ்காரரோ பவுண்டுக்காரரோ நேராகவோ பினாமியாகவோ அந்த ஏலத்தில் மாடு வாங்கக் கூடாது.

மொத்தம் சுமார் பதினைந்து நாள். அதற்குள் விஷயம் முடிந்துவிடும். ஏன் இவ்வளவு சுறுசுறுப்பு? அதிகாரிகள் அன்றைக்கு அதிக நேர்மையாக இருந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். காரணம் எளிது. மாடு தின்னும். ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் வைக்கோல் போட வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும். அதற்குக் காசு யார் கொடுப்பது என்ற கேள்வி தினமும் காலையில் எழுந்து நிற்கும். போடாமல் விட்டால் மாடு கத்தும்; ஊருக்கே கேட்கும்.

போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் வண்டிகளை அடைக்கும் இடத்துக்குப் பிரெஞ்சு மொழியில் இன்றும் 'ஃபூரியேர்' என்றுதான் பெயர். நம் சொல்தா குடும்பங்களில் பிரான்சில் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு இந்த வார்த்தை நன்றாகத் தெரியும். ஒருமுறையாவது அபராதம் கட்டியிருப்பார்கள். அந்த வார்த்தையின் வேர் வைக்கோல், தீவனம் என்பதற்கான பழைய பிரெஞ்சுச் சொல். பிடிபட்ட கால்நடையை உடையவன் செலவில் தீனி போட்டு வைத்திருந்த இடம்தான் பிறகு காரை வைத்திருக்கும் இடமாயிற்று. பேர் அப்படியே நிலைத்துவிட்டது. பேரோடு முறையும் நிலைத்தது. அங்கே ஃபூரியேரில் வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் காவல் கட்டணம் ஏறும். தீனிக் காசுதான் அது, வேறு பெயரில்.

பத்து மணி நேரம்

1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி சட்டப்படி இணைந்தோம். 1963 அக்டோபரில் இந்தியத் தண்டனைச் சட்டமும் குற்ற நடைமுறைச் சட்டமும் வந்தன. பிரெஞ்சு 471-ஆம் பிரிவின் இடத்தில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 283 வந்து உட்கார்ந்தது. பொதுவழியில் இடைஞ்சல் செய்தால் 200 ரூபாய் வரை அபராதம். 2024 ஜூலை முதல் அதே குற்றம் புதிய சட்டத்தில் 285-ஆம் பிரிவு. அபராதம் 5,000 ரூபாய் வரை.

வண்டிகளுக்கென்றே உள்ள விதி 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. 1989 ஜூலையில் அமலுக்கு வந்து நம் வண்டிகளுக்கு பி.ஒய். 01 என்று நம்பர் கொடுத்ததே, அதே சட்டம். அதன் 127-ஆம் பிரிவு சொல்வது இது: பொது இடத்தில் ஒரு மோட்டார் வண்டி பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கைவிடப்பட்டோ ஆளில்லாமலோ நின்றால், அந்த எல்லைக்குரிய சீருடைப் போலீஸ் அதிகாரி அதை இழுத்துப் போக உத்தரவிடலாம், சக்கரத்துக்குப் பூட்டும் போடலாம். உடைந்ததோ எரிந்ததோ பாதி கழற்றப்பட்டதோ போக்குவரத்துக்கு ஆபத்தாக நின்றால் உடனே அகற்றலாம். இழுத்துப் போகும் செலவு உடையவன் தலையில்.

பத்து மணி நேரம்! பிரான்சில் ஒரே இடத்தில் ஏழு நாளுக்கு மேல் அசையாமல் நின்றால்தான் பொதுவாகக் குற்றம். ராத்திரி ஒன்பது மணிக்கு நிறுத்தியதைக் காலை ஏழு மணிக்கு எடுக்காவிட்டால் போச்சு என்ற அளவுக்கு நம் சட்டம் கண்டிப்பாக இருக்கிறது.

இன்னொன்று 201-ஆம் பிரிவு. ஓடாத வண்டியைப் போக்குவரத்தைத் தடுக்கும்படி பொது இடத்தில் வைத்திருந்தால் மணிக்கு 50 ரூபாய் வரை தண்டம் என்று இருந்தது. நாடாளுமன்றம் 2019-ல் அதை 500 ரூபாய் வரை என்று மாற்றியது. குமாஸ்தா புத்தி, கணக்குப் போடாமல் இருக்குமா? பழைய மணிக் கணக்கில் ஒரு நாளுக்கு 1,200 ரூபாய். முப்பது நாளைக்கு 36,000 ரூபாய். தெருவில் நிற்கும் பழைய மாருதியை விற்றாலும் அவ்வளவு வருமா என்பது சந்தேகம். முழுதாக இப்படி வசூலித்தார்கள் என்று நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. கட்ட முடியாத அபராதத்தை யாரும் கேட்பதும் இல்லை, யாரும் கொடுப்பதும் இல்லை. நாலணாவை வசூலித்தார்கள், ஏனென்றால் அது கொடுக்கக்கூடிய தொகை.

எடுத்த பிறகு?

127-ஆம் பிரிவை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். இழுத்துப் போகலாம் என்கிறது. எங்கே? எவ்வளவு நாள் வைத்திருப்பது? யார் விற்பது? மீதிப் பணம் யாருக்கு? இதெல்லாம் அந்தப் பிரிவில் இல்லை. 1871-ல் ஒரு எருமைக்கு எழுதி வைத்ததை 1988-ல் ஒரு காருக்கு எழுதவில்லை.

ஆகவே இழுத்த வண்டி போலீஸ் ஸ்டேஷன் வாசலுக்குப் போகிறது. அங்கே ஏற்கனவே விபத்து வழக்கு வண்டிகள், திருட்டு வழக்கு வண்டிகள், சாராயம் கடத்திய வண்டிகள் வரிசையாக நிற்கும். உடையவன் தெரியாத சொத்துக்குக் குற்ற நடைமுறைச் சட்டம்தான் வழி. மாஜிஸ்திரேட் ஒரு பிரகடனம் வெளியிடுவார். உரிமை உள்ளவர்கள் ஆறு மாதத்துக்குள் வர வேண்டும். வராவிட்டால் சொத்து அரசாங்கத்தின் வசம் போகும், விற்கலாம்.

இந்த ஆறு மாதம் 1861-ஆம் ஆண்டின் போலீஸ் சட்டத்திலேயே இருக்கிறது. 1898-ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டத்தில் இருந்தது. 1973-ல் இருந்தது. 2023-ல் எழுதிய புதிய சட்டத்திலும் இருக்கிறது. தபால் மாட்டு வண்டியில் போன காலத்தில் நிர்ணயித்த கெடு அது. அன்றைக்குச் சேதி போய்ச் சேரவே நாளாகும்.

ஆறு மாதம் என்பது குறைந்தபட்சக் கெடு. பிரகடனம் போட்டால்தான் அந்தக் கெடு ஓடத் தொடங்கும். பிரகடனம் போட ஒருவர் அறிக்கை எழுத வேண்டும், ஒருவர் நம்பர் சரிபார்க்க வேண்டும், ஒருவர் கோர்ட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். இன்று செய்யாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. வண்டி கத்தாது. வைக்கோல் கேட்காது. மழையில் நனைந்துகொண்டு மௌனமாக நிற்கும்.

இதை உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002 அக்டோபரில், பிடித்த வண்டிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் நீண்ட நாள் வைத்திருப்பதால் யாருக்கும் பயனில்லை என்றது. படம் எடுத்துக்கொண்டு, பத்திரம் வாங்கிக்கொண்டு உடையவரிடம் கொடுங்கள். யாரும் கேட்டு வராவிட்டால் ஏலம் விடுங்கள் என்றது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தொடுத்த வழக்கில் 2010-ல் அதையே மறுபடி சொல்ல வேண்டி வந்தது. புதிய நடைமுறைச் சட்டத்தில், கோர்ட்டில் காட்டிய சொத்துக்கு 14 நாளில் விவரப் பட்டியல் எழுத வேண்டும், அதிலிருந்து 30 நாளில் என்ன செய்வது என்று உத்தரவு போட வேண்டும் என்று நாள் குறித்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் கோர்ட்டுக்குக் கணக்கில் போன சொத்துக்குத்தான் அந்த நாள் ஓடும். தெரு முனையில் நிற்கும் வண்டி எந்தக் கணக்கிலும் இல்லையே.

பிரான்சில் இந்த ஓட்டையை 1970 டிசம்பர் 31-ஆம் தேதிச் சட்டத்தால் அடைத்தார்கள். பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது, உடைத்துப் போடுவது என்று நான்கையும் ஒரே சட்டத்தில் கோர்த்தார்கள். உடையவருக்கு அறிவிப்பு போய் 45 நாளில் வராவிட்டால் கைவிட்டதாகப் பொருள் என்று வைத்தார்கள். பின்னாளில் அந்தக் கெடுவையும் குறைத்தார்கள். அவர்கள் நம்மைவிடப் புத்திசாலிகள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அங்கே நாள் கட்டணம் ஏறுவதால் ஒருவர் கணக்குப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

ஒரு ஜீப்பின் கோப்பு

வண்டியை விட்டுத் தொலைப்பது ஏன் கஷ்டம் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு ஜீப் இருந்தது. ஓடாது. அரசு வண்டியை அப்படியே விற்க முடியாது. முதலில் 'கண்டம்' செய்ய வேண்டும். எத்தனை வருடம் ஆயிற்று, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று ஒரு தாள். பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது என்று பொறியாளரின் சான்று. அதன் மேல் அதிகாரியின் உத்தரவு. பிறகு குறைந்தபட்ச ஏலத்தொகை. பிறகு ஏல அறிவிப்பு.

ஜீப்பில் பேட்டரியும் ஐந்து டயரும் இருந்தபோது தொகை நிர்ணயித்தார்கள். ஒப்புதல் வந்த நாளில் பேட்டரியும் இல்லை, ஸ்டெப்னியும் இல்லை. ஏலத்துக்கு நாலு பேர் வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள். "ஒரு தரம்" சொல்லவே ஆளில்லை. தொகையைக் குறைக்க மறுபடி கோப்பு மேலே போனது. 'ஏன் குறைக்க வேண்டும், பேட்டரி எங்கே?' என்று கேள்வி வந்தது. அதற்குப் பதில் எழுதுவதற்குள் அதிகாரி மாறினார். ஜீப்பின் அடியிலிருந்து ஒரு வேப்பங்கன்று கிளம்பி பானெட் உயரத்துக்கு வந்துவிட்டது. ஒவ்வொருவரும் தன் கையெழுத்துக்குப் பயந்தார்கள். விற்றால் குறைந்த விலைக்கு விற்றாய் என்று கேட்பார்கள். விற்காமல் வைத்திருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அரசு வண்டிகளுக்கு இப்போது ஒரு வழி செய்திருக்கிறார்கள். 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படாது. பதிவு பெற்ற உடைப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். அந்த நிலையங்களுக்கான விதிகள் 2021 செப்டம்பரில் வந்தன. அரசுத் துறைகள் பறிமுதல் செய்த வண்டிகளையும் கைவிடப்பட்ட வண்டிகளையும் அங்கே கொடுக்கலாம் என்று அந்த விதிகளிலேயே இருக்கிறது. ஆக, கடைசி வாசல் திறந்துவிட்டது. அந்த வாசல் வரை வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு யாருடையது என்பதுதான் பாக்கி.

வண்டி எப்படி அநாதை ஆகிறது

தெருவில் நிற்கும் வண்டிகள் எல்லாம் திருட்டு வண்டிகள் என்று நினைக்காதீர்கள். பாதிக்கு மேல் நம்மைப் போன்றவர்களின் வண்டிகளாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். வீட்டுக்காரர் போய்விடுகிறார். பிள்ளை பெங்களூரிலோ பாரிசிலோ இருக்கிறான். அப்பாவின் ஸ்கூட்டரை விற்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. முதலில் திண்ணை ஓரம் நிற்கும். வெள்ளையடிக்கும்போது வெளியே தள்ளுவார்கள். பிறகு உள்ளே வராது. ஒரு வருடம் போனால் தெருவின் வண்டி ஆகிவிடும்.

இன்னொரு வழி, பெயர் மாற்றாமல் விற்பது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் தன் பஜாஜ் ஸ்கூட்டரை விற்றார். 29, 30 நம்பர் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாங்கியவன் மாற்றிக்கொள்வான் என்று நம்பினார். அவன் மாற்றவில்லை. அவர் காலமாகி மூன்று வருடம் கழித்து, பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒரு போலீஸ்காரர் வீடு தேடி வந்தார். அந்த வண்டி ஒரு பாலத்துக்கு அடியில் கேட்பாரற்று நின்றதாம்.

"அம்மா, வண்டி உங்க வீட்டுக்காரர் பேர்லதான் இருக்கு. வந்து ஒரு ஸ்டேட்மெண்ட் குடுக்கணும்."

"அவரு போயே மூணு வருஷம் ஆகுதுப்பா. வண்டிய வித்து எட்டு வருஷம் ஆகுது. நான் யாருன்னு போய் சொல்றது?"

அந்த அம்மாள் எழுபது வயதுக்கு மேல் இரண்டு தடவை பஸ் ஏறிப் போய் வந்தார். வந்த போலீஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார். அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம்பர் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் உடையவர். விற்ற பிறகும் பதிவுப் புத்தகத்தில் பெயர் மாறாவிட்டால் விபத்து இழப்பீட்டுக்கும் பழைய உடையவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் நவீன் குமார் வழக்கில் சொல்லிவிட்டது.

இதிலே ஒரு விஷயம் கவனியுங்கள். பவுண்டு மாட்டுக்கு நம்பர் கிடையாது. அதன் உடையவனைக் கண்டுபிடிக்கத் தமுக்கு அடிக்க வேண்டியிருந்தது. மோட்டார் வண்டியோ உடையவனின் விலாசத்தை நெற்றியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நம்பரைத் தட்டினால் கம்ப்யூட்டரில் பெயர் வருகிறது. ஆனாலும் மாட்டின் கதை பதினைந்து நாளில் முடிந்தது, வண்டியின் கதை பதினைந்து வருடமானாலும் முடிவதில்லை.

உடனே உடைத்துப் போடு என்றும் சொல்லக் கூடாது. முன்னே சொன்னேனே, 'உடையவன் இல்லை' வேறு, 'உடையவன் இன்னும் வரவில்லை' வேறு என்று. தெருவில் நிற்கும் ஸ்கூட்டர் ஒரு தச்சுத் தொழிலாளியிடமிருந்து திருடி, பெட்ரோல் தீர்ந்ததும் விட்டுப்போனதாக இருக்கலாம். அவர் தன் ஊர் ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். அவருக்கு அது ஆறு மாதச் சம்பாத்தியம். வண்டி துருவேறிப் போவதிலும் அவருக்கு நஷ்டம், அவரைக் கேட்காமல் உடைப்பதிலும் நஷ்டம். கெடு வேண்டும், ஆனால் அந்தக் கெடுவுக்குள் யாராவது அவரைத் தேட வேண்டும். 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டும் இருந்தன: தமுக்கும் இருந்தது, தேதியும் இருந்தது.

தீனிக் கணக்கு

ஆகவே எனக்குப் படுவது இதுதான். புதிய தண்டனைகள் தேவையில்லை, உள்ளதே போதும். தேவைப்படுவது, நிற்கும் வண்டிக்கும் தினம் தினம் ஒரு செலவு இருக்கிறது என்பதை ஒருவர் கணக்கில் எழுதுவது. நகராட்சிக்கு ஒரு திறந்த மனை, ஒரு பதிவேடு, நாளுக்கு ஒரு சிறு தொகை. முதல் நாளே நம்பரில் உள்ள கைப்பேசிக்கும் விலாசத்துக்கும் தகவல். பக்கத்து மாவட்டத் திருட்டுப் புகார்களோடு ஒரு ஒப்பீடு. குறித்த தேதியில் பிரகடனம், குறித்த தேதியில் ஏலம், மீதி உடையவருக்கு. எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லிக் கேட்க ஒரு ஆள். அன்றைக்கு மேரியில் போய்ச் சொன்னோம். இன்றைக்கு நகராட்சி போலீஸைக் காட்டுகிறது, போலீஸ் கோர்ட்டைக் காட்டுகிறது, கோர்ட்டுக்கு வண்டி வந்து சேரவே இல்லை.

அது நடக்கும்போது நடக்கட்டும். நம் கையில் இருப்பதை நாம் செய்யலாம். விற்ற வண்டி ஏதாவது உங்கள் பெயரிலேயே இருக்கிறதா என்று பேரப்பிள்ளையைக் கைப்பேசியில் பார்க்கச் சொல்லுங்கள். இனி விற்றால், 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு நீங்களே தகவல் கொடுங்கள், வாங்கியவரை நம்பாதீர்கள். உடையவர் இறந்துவிட்டால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் 31-ஆம் நம்பர் படிவத்தில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். இனி ஓடவே ஓடாது என்றால் பதிவுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, 55-ஆம் பிரிவின்படி பதிவை ரத்து செய்து, ரத்தான தாளை வாங்கி வையுங்கள். இரும்புக் கடைக்காரரிடம் முழு வண்டியாகத் தள்ளிவிட்டு வருவதோடு விஷயம் முடிந்துவிடாது. வண்டி போன பிறகும் நம்பர் உங்கள் பெயரில் உயிரோடு இருக்கும்.

அந்த அம்மாள் கடைசியில் அந்த ஸ்கூட்டரைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வாங்கிக்கொண்டு போன காகிதங்களில் கணவரின் இறப்புச் சான்றிதழ் இருந்தது, வாரிசுச் சான்றிதழ் இருந்தது. எட்டு வருடத்துக்கு முந்தைய விற்பனைக்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டு இல்லை.